பெட்டிக்குள் கிடந்த படங்கள்

எண்பதுகளில், சென்னை கஸ்தூரி ரங்கன் சாலை சோவியத் கலாசார மையத்தில் படம் போடுகிறார்கள் என்று தெரிந்தால் அலுவலகத்திலிருந்து நேரே அங்கே போய்விடுவேன். மிகயீல் கலத்தோசவின் ‘நாரைகள் பறக்கின்றன’ அப்படிப் பார்த்த படம்தான். பஸ்ஸிலிருந்து இறங்கி வெரோனிக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறாள். உருசேவ்ஸ்கியின் கேமராவும் கூடவே ஓடுகிறது. பிறகு அப்படியே மேலே எழுகிறது. கீழே டாங்கிகளுக்கு நடுவே அவள் சின்னதாகத் தெரிகிறாள். எல்லாம் ஒரே ஷாட். காதலன் போர்முனையில் இருக்க வேறொருவனை மணந்துகொள்ளும் பெண் அவள். ஸ்டாலின் காலத்தில் இப்படி ஒரு நாயகியை யார் எழுதியிருப்பார்கள்? அவர் இறந்த நான்காம் ஆண்டு, 1957இல், படம் வந்தது. மறு ஆண்டு கான் விழாவில் தங்கப் பனை.

வெளிநாட்டுக்குப் பெருமையோடு அனுப்பப்பட்ட படங்கள் இவை. பெட்டியில் பூட்டியவை வேறு.

தார்க்கோவ்ஸ்கி 1966இல் முடித்த ‘அந்திரேய் ருப்ளோவ்’ அதில் ஒன்று. 1969இல் கான் விமர்சகர்கள் அதற்குப் பரிசளித்தார்கள். சொந்த நாட்டுத் திரையரங்குகளுக்கு 1971இல்தான் போனது. அதில் ஒரு சிறுவன் வருகிறான். மணி வார்க்கும் ரகசியத்தை அப்பா தனக்குச் சொல்லிவிட்டுச் செத்தார் என்று சாதித்து, பிரமாண்டமான மணி ஒன்றை வார்க்கிறான். மணி ஒலிக்கிறது. அப்புறம் சேற்றில் விழுந்து அழுகிறான்: அப்பா ஒன்றுமே சொல்லவில்லை! சினிமாவில் இதைவிடப் பெரிய அழுகையை நான் கண்டதில்லை.

அன்று அதை எடுத்த மாஸ்ஃபிலிம் ஸ்டூடியோவே இன்று யூடியூபில் தன் படங்களை இலவசமாகப் போடுகிறது. 2011இல் தொடங்கிய வேலை. என் பேத்தி, சப்டைட்டிலோடு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறாள். அவளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அலெக்சாந்தர் அஸ்கோல்தவை நினைத்தால் மனம் ஆறுவதில்லை. வசீலி குரோஸ்மனின் கதையை வைத்து 1967இல் ‘கமிஷார்’ எடுத்தார். செஞ்சேனை அதிகாரி ஒருத்தி ஏழை யூதக் குடும்பத்தின் வீட்டில் பிள்ளை பெறுகிறாள். அந்தக் குடும்பத்துக்கு நாளை என்ன நேரப்போகிறது என்பதையும் படம் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. இருபது ஆண்டு பூட்டி வைத்தார்கள். அவரைக் கட்சியை விட்டும் நீக்கினார்கள். கோர்பச்சேவ் காலத்தில் படம் வெளியே வந்து, 1988இல் பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியது. அவர் 2018 வரை உயிரோடு இருந்தார். இரண்டாவது படம் எடுக்கவே இல்லை.