அளந்த பிறகு ஒரு பிடி

மாங்காட்டில் எங்கள் தெருவுக்கு அப்போது இரண்டு விடியல்கள். காமாட்சியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுத் தொடங்கும் நேரமும், எங்கள் ஆயா பாயைச் சுருட்டி வைத்துவிட்டு முழங்காலில் நிற்கும் நேரமும் ஒன்றுதான். எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஆராதனைக்குக் குமணன்சாவடி வழியாகப் பூந்தமல்லிக்குப் போவோம். பஸ் வராத ஞாயிறுகளில் நடை.

ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ராத்திரி குடும்ப ஜெபத்தில் நான்தான் வேதம் வாசிப்பேன். தமிழில் புதிய ஏற்பாட்டைச் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்தது 1715இல். எங்கள் வீட்டில் இருந்தது ஹென்றி பவர் குழு 1871இல் முடித்த திருப்புதல். தமிழ்நாட்டுச் சீர்திருத்த சபைகளில் பெரும்பாலானோர் இன்றும் கையில் வைத்திருப்பது அதுதான். அந்தப் பழந்தமிழ் நடை என் வாயில் தடுக்கும், ஆயாவின் காதில் தடுக்காது.

வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். நாளைக்கு மூன்றுக்கு மேல் வாசித்தால் ஒரு வருடத்தில் முடியும் என்று ஓய்வுநாள் பள்ளியில் சொன்னார்கள். நான் நோட்டில் கட்டம் போட்டு, வாசித்த அதிகாரங்களுக்கு டிக் அடித்துக்கொண்டு வந்தேன். மனப்பாட வசனப் போட்டியில் மூன்று வருடம் முதல் பரிசு. விசுவாசம் என்றால் அந்த நோட்டு நிரம்புவது என்றே நினைத்தேன்.

ஆயா ஒரு அதிகாரத்துக்கு மேல் கேட்க மாட்டாள். முடிந்ததும் ஒரே கேள்வி கேட்பாள்: "இதுல நாம நாளைக்கு இன்னா செய்யணும், கண்ணு?"

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. அடுத்த அதிகாரத்துக்குப் போகவிடாமல் அது என்னை நிறுத்திவிடும்.

ஒருநாள் சாறிபாத் விதவையின் கதை வந்தது. பஞ்ச காலம். பானையில் ஒரு பிடி மாவுதான் இருக்கிறது. அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுவிட்டுச் சாகலாம் என்று அவள் விறகு பொறுக்குகிறாள். அப்போது எலியா வந்து, முதலில் தனக்கு ஒரு அடை சுட்டுக் கொண்டுவரச் சொல்கிறார். நான் வாசித்து முடித்தேன். ஆயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அந்தம்மா மிச்சம் ஆனதையா குடுத்தா?"

அடுக்களையில் ஒரு தகர டப்பா இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது வீட்டுக்கு வேண்டிய அரிசியை ஆயா படியில் அளப்பாள். அளந்த பிறகு, அந்த அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவாள். மாதத்தின் கடைசி ஞாயிறு அது எங்கள் பூந்தமல்லிக் கோயிலுக்குப் போகும். அங்கே இல்லாத வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். கைப்பிடி அரிசி என்பது ஆயா கண்டுபிடித்ததல்ல. தமிழ்நாட்டுச் சபைகளில் பெண்கள் காலங்காலமாகச் செய்து வருகிற காணிக்கை. காசு ஆண்கள் கையில் இருந்த வீடுகளில், அடுப்படிப் பெண்கள் யார் தயவும் இல்லாமல் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

ஒரு பிடி சுமார் ஐம்பது கிராம். நாளுக்கு இரண்டு வேளை என்றால் மாதம் மூன்று கிலோ. ரேஷன் அரிசியில் ஓடிய வீட்டில் மூன்று கிலோ சின்ன விஷயமில்லை. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு நடப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. மற்ற பையன்கள் கையில் பைபிள் மட்டும் இருந்தது.

பதினேழு வயதில் ஒரு எழுப்புதல் கூட்டத்துக்குப் போனேன். முழு இரவு ஜெபம். ஆயிரக்கணக்கானோர் நடுவில் அழுதேன், கை உயர்த்தினேன், மேடையேறிச் சாட்சி சொன்னேன். அந்தக் கண்ணீர் உண்மை. அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை காலையில் சைக்கிளுக்காக அண்ணன் சட்டையைப் பிடித்தேன். கூட்டத்தில் பற்றியது வீட்டுக்கு வருவதற்குள் அணைந்துவிட்டது. அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்தேன். இப்படியே பல வருடம் போனது. ஆயாவோ எந்தக் கூட்டத்திலும் அழுததில்லை, யாரிடமும் சாட்சி சொன்னதும் இல்லை. அவள் 1994இல் இறந்தாள். டப்பா அம்மா கைக்கு வந்தது.

அப்பா போன பிறகு, வீட்டைப் பாகம் பிரிப்பதில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றது. நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் நான் ஒரு ஞாயிறு ஆராதனையைக்கூடத் தவறவிடவில்லை.

பிறகு 2015 டிசம்பர் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்த அந்த முதல் தேதி இரவை மேற்குச் சென்னையில் யாரும் மறக்க மாட்டார்கள். எங்கள் தெருவுக்குள் வந்தது ஏரித் தண்ணீர் இல்லை, வடிய வழி கிடைக்காத மழைத் தண்ணீர். இரவு பத்து மணிக்குக் கணுக்கால், பன்னிரண்டுக்கு முட்டி. எதிர் வீட்டு அக்கா மாடியிலிருந்து டார்ச் அடித்துக் கூப்பிட்டாள்: "பெரியம்மா, மேல வந்துடுங்க! பசங்கள மொதல்ல அனுப்புங்க!" ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோய் அம்மனை வேண்டிக்கொள்ளப் பல ஊர்களிலிருந்து மாங்காட்டுக்கு வருகிறார்களே, அக்கா அந்த வேண்டுதலை வருடம் தவறாமல் வைப்பவள்.

அம்மா பரணிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வந்தாள். தகர டப்பா. நவம்பர் முழுக்க மழை, கடைசி ஞாயிறு கோயிலுக்குப் போக முடியவில்லை. அரிசி அப்படியே இருந்தது. அக்கா வீட்டில் கேஸ் இருந்தது, பருப்பு இருந்தது, அரிசி அடி தட்டிவிட்டது. மாடியில் நாங்கள் 11 பேர். இரண்டு நாளும் பருப்புக் கஞ்சி. காணிக்கை அரிசியை நாம் சாப்பிடலாமா என்று என் மனைவி தயங்கினாள். "இல்லாத வீட்டுக்குத்தானே அது? இன்னிக்கு இல்லாத வீடு நம்ம வீடு" என்றாள் அம்மா.

இரண்டாவது நாள் காலையில் கண்டதுதான் என்னைத் திருப்பியது. 11 பேருக்கு அரிசியை அளந்த அம்மா, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தட்டில் தனியாக வைத்தாள். அக்காவும் அவள் பங்குக்கு ஒரு பிடி பருப்பை அதன் பக்கத்தில் வைத்தாள். அடுத்த மாடியில், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாப் பையன்கள் நாலு பேர் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டு கைமாறி அவர்களிடம் போனது. ஆயா கேட்ட கேள்வி அப்போது என் காதில் விழுந்தது. மிச்சம் ஆனதையா குடுத்தா?

விசுவாசம் எப்படி வளர்கிறது என்பது எனக்கு அங்கே புரிந்தது. நிரம்பி வழியும் நாளுக்காக அது காத்திருப்பதில்லை. என் பசிக்கென்று நான் அளந்து வைத்த பிறகு, அதில் கை வைத்து ஒரு பிடி எடுக்கும்போது வளர்கிறது. ஒருநாள் எடுத்தால் தெரியாது. நாற்பது வருடம் எடுத்தால், வெள்ளத்தின் நடுவிலும் கை தானாகவே போகும். இயேசு சொன்ன கடுகு விதையை நான் சிறுவயதில் அற்புதத்தின் அளவு என்று மனப்பாடம் செய்தேன். மண்ணுக்குள் தினமும் நடக்கும் வேலையை அது சொல்கிறது என்று ஐம்பதை நெருங்கும்போதுதான் விளங்கியது.

தண்ணீர் வடிந்து சேறு அள்ளிய வாரம், பலிபீடத்தில் காணிக்கை வைக்குமுன் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்லும் பகுதியை வாசித்தேன். எத்தனையோ முறை டிக் அடித்த அதிகாரம். அன்றைக்குத்தான் ஆயாவின் கேள்வியை நானே எனக்குக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் ஆவடிக்குப் போய் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணி திறந்தாள். டீ குடித்தேன். வீட்டு விஷயம் யாரும் பேசவில்லை. பாகம் தீர இன்னும் இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் மாதம் ஒருமுறை போய் டீ குடித்தேன். அந்த டீதான் என் பிடி அரிசி.

இன்று மாங்காடு நகராட்சி. பூந்தமல்லி சாலையில் மெட்ரோத் தூண்கள். வேதம் போனில் இருக்கிறது. காலையில் கண் விழிக்குமுன் பத்துப் பேர் வசனம் அனுப்பியிருக்கிறார்கள். ஜனவரி முதல் தேதி கையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை படமாக வருகிறது. காணிக்கைக்குக் கியூஆர் அட்டை. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. 2020இல் கோயில் கதவுகள் மூடியிருந்த உயிர்த்தெழுதல் ஞாயிறன்று, அந்தப் போன்தான் எங்கள் சபையைச் சேர்த்து வைத்தது. என் கவலை வேறு. படி அரிசி அளந்த வீட்டில் ஒரு பிடி எடுத்தோம். 25 கிலோ மூட்டை வாங்கும் வீட்டில் எடுக்க மறக்கிறோம். வசனத்தை ஒரு விரலால் இன்னொருவருக்குத் தள்ளிவிடுகிறோம். அது நம்மிடம் தங்கி, நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்க நேரம் கொடுப்பதில்லை.

அம்மா போன பிறகு டப்பா எங்கள் அடுக்களையில், குக்கர் பக்கத்தில் இருக்கிறது. ராத்திரி மகள் ஒரு அதிகாரம் வாசிக்கிறாள், ஒன்றே ஒன்று. முடிந்ததும் கேள்வியை நான் கேட்கிறேன். சில நாள் அவளிடம் பதில் இருக்கும், சில நாள் எங்கள் இருவரிடமும் இருக்காது. ஒவ்வொரு வேளையும் டம்ளரால் அரிசி அளந்து, ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவது அவள் வேலை. அவள் கை சின்னது. போன மாதம் சேர்ந்தது இரண்டே கால் கிலோ. கணவருக்கு வேலை போன பின்தெரு வீட்டுக்கு, அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.