பீப்பொலி இலக்கணம்: எழுமலையில் எழ மறுத்த ஒரு கணினி பற்றிய ஆய்வு

ஆய்வுக்களம், மதுரை மாவட்டம் பேரையூர் வட்டம் எழுமலைப் பேரூராட்சியில் எங்கள் வீட்டு நடு அறை. ஆய்வுப்பொருள் சிபியு. முதலில் சொல்லைத் தெளிய வேண்டும். நூலோர் சிபியு என்பது, உள்ளே விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் சதுரச் சில்லை. ஊரார் சிபியு என்பது, மேசைக்கு அடியில் நிற்கும் தகரப் பெட்டி முழுவதையும். வழக்கே வலிது ஆதலின் இக்கட்டுரை ஊரார் பக்கம்.

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்து ஓய்ந்த ஒரு காலையில் பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் அமாவாசை. உள்ளிருந்து "பீ...ப், பீ...ப்" என்று நீட்டி நீட்டி ஒரு முறையீடு.

வீட்டில் இரண்டு கொள்கைகள் எழுந்தன. முதலாவது அப்பாவின் தட்டுக் கொள்கை: "மண்டையில ரெண்டு தட்டு தட்டுடா, வந்துரும்." இதற்கு மரபு உண்டு. பழைய டிவியில் ஈயப்பற்று விட்டுப்போன இடம் தட்டுகிற அதிர்வில் மறுபடி ஒட்டிக்கொள்ளும், படம் வரும். எங்கள் பெட்டிக்குள்ளோ ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு வேகமாகச் சுற்றுகிறவனைத் தட்டக் கூடாது. இரண்டாவது அம்மாவின் நிமித்தக் கொள்கை: "நேத்தே தெக்குச் செவத்துல பல்லி சொல்லுச்சு, கேட்டியா?"

சிரித்தேன். ஆராயப் புகுந்தபோது அம்மா கட்சிதான் வலுவானது என்று தெரிந்தது. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பிசிக்கே இப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு. பொத்தானை அமுக்கியதும் பயோஸ் என்னும் தொடக்க நிரல் கணினியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறது. திரைக்கு உயிர் வருமுன்பே பழுது தட்டுப்பட்டால் எழுதிக் காட்ட இடமில்லை, ஒலியால்தான் சொல்ல முடியும். பல்லிக்குத் திசையும் கிழமையும் பார்ப்பதுபோல் இதற்கு நீளமும் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும்.

இனி வருவது இவ்வாய்வின் சொந்தக் கண்டுபிடிப்பு. பீப் என்பது யாப்பு. நீண்டது நெடில், குட்டை குறில். அவார்டு பயோஸில் ஒரு நெடிலும் இரு குறிலும் ஒலித்தால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு. அலகிட்டால் நேர் நிரை, அதாவது கூவிளம். எங்கள் பெட்டி அழுததோ வெறும் நெடில். மும்மூன்றாக எடுத்து அலகிட்டால் நேர் நேர் நேர், தேமாங்காய். தேமாங்காய் எனின் ராமில், அதாவது மெமரியில், பழுது. பாடபேதமும் உண்டு. ஒற்றைக் குறில் அவார்டுக்கு நலம். ஏஎம்ஐ பயோஸின் பழைய பட்டியலிலோ அதுவே மெமரிக் கோளாறு. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் முட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பில்லை.

மருத்துவம் எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் தங்கமுலாம் பூசிய பற்களை அக்கா மகளின் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தேன். பேனா மை அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் ஆகாது, அது முலாமையே தின்றுவிடும். பக்கத்தில் வட்ட பேட்டரி ஒன்று, சிஆர்2032. அது 2032 வரை தாங்கும் என்று உரை சொன்னான் தம்பி. பிழையுரை. விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ. என்பதே அந்த எண்ணின் பொருள்.

புழுதியை ஊதி, ராமைப் பொருத்தி, கொக்கிகள் 'டக்' என்னும் வரை அழுத்தி, பொத்தானை அமுக்கினேன். ஒற்றைக் குறில். திரையில் வெளிச்சம். அதே நொடியில் டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லியும் சொல்லியது. அம்மா தரையில் விரலால் தட்டிக்கொண்டார். அப்பா மட்டும், தான் சொன்னபடி தட்டியிருந்தால் அரை மணி நேரம் மிச்சம் என்கிறார்.

பஞ்சாங்கம் பதிப்பிப்போர்க்கு ஒரு விண்ணப்பம். பல்லி சொல்லுக்குப் பலன் போடும் பக்கத்தில் பீப் சொல்லுக்கும் நான்கு வரி ஒதுக்குங்கள். ரப்பர், பென்சில் ரப்பராக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காமல் சேருங்கள்.