நாய்க்கு எதற்கு நுண்ணறிவு?

கெட்ட எண்ணம் கொண்ட செயற்கை நுண்ணறிவு உலகத்துக் கணினி வலைகளையெல்லாம் பிடித்துவிடுமாம். பிடிக்கட்டும். ஆனால் அதற்கு அவ்வளவு பெரிய மூளை எதற்கு? 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட ஒரு கணினிப் புழுவே ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே மாற்றாத கேமராக்களைச் சேர்த்துப் படை திரட்டியது. 2017 மார்ச்சிலேயே மைக்ரோசாஃப்ட் தந்த அப்டேட்டைப் போடாதவர்களை, மே மாதம் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் வந்து நலம் விசாரித்தது. 2024 ஜூலையிலோ கெட்டவனே தேவைப்படவில்லை. காவலுக்கு வைத்த கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது.

திறந்த வீட்டில் நுழைய நாய்க்கு நுண்ணறிவு வேண்டுமா? அந்தச் செயற்கை நுண்ணறிவு வருவதற்குள் '1234'-ஐயாவது மாற்றிவையுங்கள். பாவம், வந்த இடத்தில் கொஞ்சமாவது யோசிக்கட்டும்.