சென்னைக் குப்பை இலக்கணம்

பாயிரம்

சென்னையில் வீட்டுக் குப்பை இரண்டு என்பர் தூய்மைப் பணியாளர்: மக்குவது, மக்காதது. மூன்று என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள்; வீட்டு அபாயக் கழிவை அவை தனியே நிறுத்தின. இரு சாராரும் குப்பையின் உடம்பைப் பார்த்தனர். அதை வைத்திருப்பவரின் மனத்தைப் பார்த்தாரில்லை. 200 வார்டுகளிலும் வழங்கும் வழக்கை நோக்கின், மறுசுழற்சிக்குரிய பொருள் நான்கு: விற்பன, காப்பன, கெடுவன, கேட்பாரற்றன.

விற்பன

எடை போட்டால் காசு தருவன விற்பன. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், பால் கவர் இதில் அடங்கும். இவை மாநகராட்சி வண்டியை எட்டிப் பார்ப்பதில்லை. நேரே காயலான் கடைக்குப் போகும். இவற்றுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. இங்கிலீஷ் பேப்பருக்குத் தமிழ்ப் பேப்பரைவிடக் கிலோவுக்கு ஓரிரு ரூபாய் கூடுதல். இரண்டும் பிரிக்காமலே கட்டப்பட்டிருப்பினும் இவ்விதி மாறாது.

பால் கவர் நுணுக்கமான பொருள். கழுவி, சமையலறை ஜன்னல் கம்பியில் காயவைத்துச் சேர்த்தால் விற்பனவற்றுள் நிற்கும். கழுவாமல் விட்டால் மறுநாளே நாறி மூன்றாம் வகைக்கு இறங்கும். மூலையைக் கத்தரிக்கும்போது விழும் முக்கோணத் துணுக்கு எவ்வகையிலும் சேராது. சிங்க் சல்லடையில் சிக்கியது போக மற்றது சாக்கடைக்குப் போகும். ஆகவே துணுக்கு முழுதும் அறாமல் கவரோடு தொங்கும்படி வெட்டுக.

காப்பன

விற்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை என்னும்படி இருப்பன காப்பன. காலி ஹார்லிக்ஸ் பாட்டில் துவரம்பருப்புக்கும், ஐஸ்கிரீம் டப்பா கறிவேப்பிலைக்கும் உரியன. ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் மற்றக் கட்டைப்பைகள் அடங்கிக் கதவுக்குப் பின்னால் தொங்கும். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்க, மஞ்சப்பையும் அதே ஆணியில் இடம்பிடித்தது. டிவி வந்த பெட்டி தெர்மோகோலோடு பரணில் இருக்கும். என்னை எனின், வீடு மாற்றும்போது உதவும். டிவி போன பின்னும் இருக்கும். என்னை எனின், பரணில் ஏற ஆளில்லை.

கெடுவன

நல்ல பொருள் ஈரத்தோடு புணர்ந்து இயல்பு இழப்பது கெடுவது. சாம்பார்ப் பொட்டலம் செய்தித்தாள்மேல் கவிழ்ந்தால் விகாரம் மூன்றும் ஒருங்கே நிகழும்: நாற்றம் தோன்றும், தாள் திரியும், விலை கெடும். நிலைமொழி தாளா சாம்பாரா என்று பிரித்தறிவது அரிது. ஆயினும் பிரித்தே ஆகவேண்டியவர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டு பேட்டரி வண்டியோடு வாசலில் நிற்கிறார். வீட்டார் அரை நொடியில் செய்திருக்கக்கூடிய பதம் பிரித்தலை அவர் ஒவ்வொரு பையாக அவிழ்த்து, கையால் துழாவிச் செய்கிறார். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்ற ஏற்பாடு இதன்பொருட்டே. நீலத் தொட்டியில் அரிசி கொட்டி வைப்போர்க்கு இவ்வியல் பயன்படாது.

கேட்பாரற்றன

சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே முதலியன. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பல அடுக்காக ஒட்டியவை. பிரிக்கும் செலவு, பிரித்த பின் கிடைக்கும் பொருளின் விலையைவிட அதிகம். சாக்கு நிறையத் திணித்தாலும் எடை நிற்காது; காயலான் கடைக்காரர் தொடமாட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தபோது கடைக்காரரின் கேரி பேக் அகப்பட்டது. தொழிற்சாலையிலேயே பொதிந்து வந்த உறைக்கு அன்று விலக்குக் கிடைத்தது. இவ்வகையில் ஒரு பங்கு சிமெண்ட் ஆலைச் சூளைக்குப் போகும். மற்றது வடக்கே கொடுங்கையூரிலும் தெற்கே பெருங்குடியிலும் உள்ள குப்பைக் கிடங்குகளில் ஆண்டாண்டாக மலையானது.

புறனடை

விலை உள்ளதை வீடு பிரிக்கும், விலை இல்லாததை ஊர் சுமக்கும் என்பது இதனால் பெறப்படும். கேட்பாரற்றது யார் பொருள் எனின், தயாரித்தவரே திரும்பப் பெறுக என்பது 2016-ஆம் ஆண்டுப் பிளாஸ்டிக் கழிவு விதி. கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தலையில் விடிக என்பது வழக்கு. இரண்டும் முரணியவழி வழக்கையே கொண்டார் நகரத்தார். அது கொடுங்கையூரில் குடியிராதார் கொள்கை என்க.