ரேமுக்கும் மதர்போர்டுக்கும் ஒரு வாழ்த்து மடல்

லேப்டாப் கம்பெனியின் மேன்மை தங்கிய நிர்வாகத்தாருக்கு,

அநேக நமஸ்காரம். போன செவ்வாய்க்கிழமை தங்கள் சர்வீஸ் சென்டரில் டோக்கன் வாங்கி, என் முறை வந்ததும், "8 ஜிபி ரேம் பத்தலை தம்பி, இன்னொரு 8 போட்டுக் கொடுங்க" என்றேன். கவுன்டர் பையன் பக்கத்து சீட்டுப் பையனைப் பார்த்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "அங்கிள், இதுல ரேம் போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும். எந்தக் காலத்துல இருக்கீங்க?"

2008-ல் இருக்கிறேன் ஐயா. அந்த வருஷம் வந்த டெல் இன்ஸ்பிரான் 1525 இன்னும் என் மேசையில் ஓடுகிறது. (வேறு கம்பெனி, மனம் நோகவேண்டாம்.) அடிமூடியைக் கழற்றினால் இரண்டு ரேம் ஸ்லாட். 1 ஜிபியோடு வந்ததை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4 ஜிபி ஆக்கினேன். ஹார்டு டிஸ்க்கைப் பிடுங்கி எஸ்எஸ்டி போட்டேன். டிவிடி டிரைவைத் தாங்கி நிற்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்துவிட்டு, டிஸ்க் மாட்டுகிற தட்டு (caddy) ஒன்றை வைத்து, பழைய டிஸ்க்கை அங்கே குடிவைத்தேன். பிராசசரே சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். பேட்டரி, தாழ்ப்பாளைத் தள்ளினால் கையோடு வரும். விஸ்டாவோடு வந்தது, இப்போது லினக்ஸ். விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரையும், அதை மறைக்கவில்லை.

ஆனாலும் ஒழுக்கம் கெட்ட காலம் அது. இன்றைக்கு ஒரு ரேம், நாளைக்கு வேறு ரேம். தாங்கள்தான் ரேமுக்கும் மதர்போர்டுக்கும் முறைப்படி தாலி கட்டிவைத்தீர்கள். எஸ்எஸ்டியையும் அதே போர்டில் வீட்டோடு மாப்பிள்ளையாக்கினீர்கள். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டிக் கூட்டுக்குடும்பத்தை நிறைவுசெய்தீர்கள். இதில் ஒருவர் போனால் மற்றவர்கள் உடன்கட்டை ஏறவேண்டும், அவ்வளவுதான்.

சால்டர் செய்த எல்பிடிடிஆர் ரேம் வேகமானது, கரண்டும் குறைவாகக் குடிக்கும் என்கிறீர்கள். வாஸ்தவம். ஆனால் அதே எல்பிடிடிஆரைக் கழற்றி மாட்டுகிற மாதிரி எல்பிகேம்2 என்று ஒன்று வந்து, 2024-லேயே திங்க்பேட் பி1 ஜென் 7-ல் ஏறியும் விட்டது. விவாகரத்து நடக்கத்தான் செய்கிறது. தங்கள் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை போலும்.

எஸ்டிமேட் கொடுத்தார்கள். போர்டோடு மாற்றவேண்டுமாம். புது லேப்டாப் விலையில் முக்கால்வாசி. உள்ளே இருக்கிற மூன்று வருஷத்துக் கணக்குவழக்கும் போய்விடுமாம். ஒரு 8 ஜிபி ரேமுக்கு! இது பகல்கொள்ளை. காசு எண்ணிக் கொடுத்து வாங்கியவன் அதன் அடிமூடியைத் திறக்க ஒரு வாரண்டி ஸ்டிக்கரிடம் அனுமதி கேட்டு நிற்கணுமா?

மன்னிக்கணும், பிபி மாத்திரை போட்டுக்கொண்டேன். தங்கள் புகழ் ஓங்குக.

ஒரே ஒரு கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றுகிற மாதிரி வைக்கவேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். குடும்பத்தைப் பிரிக்கிற வேலை. அங்கே ஊருக்காகப் பணிந்துபோனாலும், இங்கே நம் கலாச்சாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எஸ்டிமேட் போட வாங்கிய 500 ரூபாயை மணமக்களுக்கு மொய்யாக வைத்துக்கொள்ளவும். தாம்பூலப் பை கேட்கவில்லை. திறந்து பார்த்த தம்பி அடிமூடியில் இரண்டு ஸ்க்ரூ போடாமல் விட்டுவிட்டார். அதை மட்டும் கூரியரில் அனுப்பிவைத்தால் போதும்.

இப்படிக்கு,
பெண்வீட்டாரா பிள்ளைவீட்டாரா என்று தெரியாமல் செலவு செய்த ஒருவன்