வரி கட்டினால் ரயில் வரும்

ஜப்பானில் 2008 முதல் ‘ஃபுருசாட்டோ நோசெய்’ என்றொரு ஏற்பாடு. ஏதாவது ஓர் ஊருக்கு நன்கொடை கொடுத்தால், உச்சவரம்புக்குள் 2,000 யென் போக மீதி வரியில் கழிந்துவிடும். பிறந்த ஊரா என்று யாரும் கேட்பதில்லை. பதிலுக்கு அரிசி வரும், மாட்டிறைச்சி வரும். மாதிரி ரயில் செய்யும் கட்டோ நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ள ட்சுருகாஷிமாவிலிருந்தோ ரயிலே வரும்! தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர். (பொம்மை என்று சொல்லிவிடாதீர்கள், சேகரிப்பவர்களுக்குக் கோபம் வரும்.) “இது என்ன செலவு?” என்று மனைவி கேட்டால், “வரி கட்டினேன்” எனலாம், பொய்யில்லை. வரி குறைவதால், குடியிருக்கும் நகராட்சிக்குத்தான் கையைக் கடிக்கிறது. அதன் குப்பை லாரி இன்னும் முழு அளவில்தான் ஓடியாக வேண்டும். பரிசு நன்கொடையில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதென்று 2019இல் அரசு கடிவாளம் போட்டது. ரயில் நிற்கவில்லை.