ஜாடிக்காரர்

ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்புத்துப்பட்டில் இரண்டு இடத்தில் அடுப்பு மும்முரமாக எரியும். ஒன்று மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேனை ஓரங்கட்டிவிட்டு, மரநிழலில் செங்கல் கூட்டிப் பொங்கல் வைத்து, அங்கேயே உட்கார்ந்து பானையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே. இன்னொன்று ஜாடிக்காரர் வீடு. அங்கே வேகுவது வெள்ளிக்கிழமை வரைக்குமான மத்தியானச் சாப்பாடு.

ஜாடிக்காரர் என்பது ஒரு தனி ஆள் இல்லை, ஒரு ஜாதி. முப்பதை நெருங்குகிற வயது, புதுச்சேரியில் ஆபீஸ் வேலை, வாய் திறந்தால் டைம் மேனேஜ்மென்ட். திண்டிவனத்திலும் இருக்கிறார், தாம்பரத்திலும் இருக்கிறார். கீழ்புத்துப்பட்டுக்காரருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சங்கடம்: அவரைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாருமே தலைமுறை தலைமுறையாக முதல் நாளே சாப்பாட்டை ஏற்பாடு செய்கிறவர்கள். அது அவர் கண்ணில் படாததுதான் வேடிக்கை.

வீட்டுப் பரணில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் ஒரு டஜன் கிடக்கின்றன. பருப்புப் பொடி, புளி, வடகம் என்று ஆளுக்கொரு வேலை பார்க்கின்றன. அவை உதவாதாம். ஆன்லைனில் ஐந்து ஜாடி வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் மூடியிலும் திங்கள் முதல் வெள்ளி வரை கிழமை எழுதி ஒட்டியாயிற்று. பிறகு அடுக்கும் சடங்கு. அடியில் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும், அதன்மேல் நனைந்தாலும் தாங்குகிற கொண்டைக்கடலை, கேரட், அதற்கு மேல் வேகவைத்த தினை, உச்சியில் கீரை. ஈரம் கீரையைத் தொடக்கூடாது என்பது தத்துவம். சாப்பிடும்போது நன்றாகக் குலுக்க வேண்டும்.

“குலுக்கத்தான் போறன்னா அத ஏன்டா அடுக்குற?” என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் பார்த்த எந்த வீடியோவிலும் பதில் இல்லை.

இரண்டாவது வாரம் அதே தத்துவத்தைச் சாம்பார் சாதத்துக்கு நீட்டினார். கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் செவ்வாய்க்கிழமை அடியோடு கழன்று மேடையில் ஓடியது. கண்ணாடியின் உள்பக்கம் சூட்டில் சட்டென்று விரியும், வெளிப்பக்கம் அவ்வளவு வேகமாக விரியாது. அந்தச் சண்டையில் ஜாடி போய்விடும். மிஞ்சியவற்றில் சோறு சாம்பாரை முழுக்கக் குடித்துவிட்டு இறுகி நின்றது. புதன்கிழமையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டியும் இறங்கவில்லை. ஆபீஸில் ஸ்கேல் கொண்டு நெம்பியதாகக் கேள்வி.

ஜாடிக்காரரிடம் வரலாறும் கைவசம் உண்டு. கண்ணாடிக் குப்பியில் உணவைக் கெடாமல் வைக்கும் முறைக்காக 1810இல் நிக்கோலா அப்பேர் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கியது, அமெரிக்காவில் ஜான் மேசன் 1858இல் திருகுமூடி ஜாடிக்குக் காப்புரிமை பெற்றது எல்லாம் மனப்பாடம். பக்கத்தில் புதுச்சேரி இருக்கிற தைரியத்தில், அப்பேர் ஏதோ பிரெஞ்சுத் தெருவில் குடியிருந்தவர் மாதிரி பேசுவார். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். அப்பேர் மூடிய குப்பியைக் கொதிநீரில் போட்டு வேகவைத்தார். நம்மவருடைய ஜாடி ஃபிரிட்ஜை நம்பியிருக்கிறது. ஃபிரிட்ஜ் கரண்டை நம்பியிருக்கிறது. சித்திரை மாதத்துக் கரண்ட் எதை நம்பியிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. ஃபிரிட்ஜிலேயே இருந்தாலும் சமைத்த சோறு மூன்று நாலு நாள்தான் தாங்கும். ஆகவே வியாழக்கிழமையை முகர்ந்து பார்ப்பதும், வெள்ளிக்கிழமையைக் கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டுக்குக் காட்டுவதும் வழக்கமாயிற்று. ஆடு ஜாடியை முகரும். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்க்கும்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது புது வித்தையா? மரக்காணம் உப்பளத்தில் சீசன் தொடங்கிவிட்டால், வெயில் ஏறுவதற்குள் பாத்தியில் இறங்க இருட்டிலேயே கிளம்புகிறார்கள். அந்த நேரத்தில் யார் உலை வைப்பது? ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்த சோறு தூக்குச்சட்டியில் போகும். தொட்டுக்கொள்ள வெங்காயம், பச்சைமிளகாய், கிடைத்தால் சுட்ட கருவாடு. அந்தக் கருவாடு மாதக்கணக்கில் முன்கூட்டியே தயாரான சமாசாரம். இங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சோற்றுப் பார்சலும் இடிச்ச சம்பலும் அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த சொத்து. இத்தனை பேரில் ஒருவரும் இதற்குப் பெயர் வைத்து வகுப்பு எடுக்கவில்லை.

தூக்குச்சட்டிக்கு ஒரு மரியாதை உண்டு. உள்ளே இருப்பது கருவாடா, வெறும் மிளகாயா என்பது திறக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். அடுத்தவர் கண் பட்டால் வயிறு வலிக்கும் என்பார்கள். இல்லாமையை ஊருக்குக் காட்டாமல் இருக்கவும் அந்த மூடி உதவியது. ஜாடிக்காரர் சமைப்பதே ஊர் பார்ப்பதற்குத்தான். அதனால்தான் கண்ணாடி. அதனால்தான் யாருக்கும் பிடிக்காத பீட்ரூட்டுக்கும் நிறத்தை உத்தேசித்து ஒரு அடுக்கு. ஐந்தையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்து, அதற்கு நூறு லைக் விழுந்ததும் பாதி வயிறு நிறைந்துவிடும். மீதிப் பாதியை ஆபீஸ் எதிரே இருக்கிற பரோட்டாக் கடை பார்த்துக்கொள்ளும்.

இப்போது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார். அயல்நாட்டு டாக்டர் ஒருவர் பேசிய வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டு, விடியற்காலையில் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“அம்மா, கவனமா கேளு. சோறு மிஞ்சினா தூக்கிப் போடக்கூடாது. ராத்திரியே தண்ணி ஊத்தி வெச்சிடணும். காலையில பாத்தா நல்ல பாக்டீரியா உருவாயிருக்கும். குடலுக்கு அவ்ளோ நல்லது.”

அம்மா, குடித்துக்கொண்டிருந்த நீராகாரச் சொம்பைக் கீழே வைத்தார்.

“அப்டியா கண்ணு? எவ்ளோ தண்ணி ஊத்தணும்?”

“சோறு முழுகுற அளவுக்கு.”

“உப்பு போடலாமா?”

“அவசரப்படாதம்மா. இமயமலை உப்பு ஆர்டர் போட்டிருக்கேன், நாளைக்கு வந்துடும்.”